படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்: டெல்டா பறவைக் குழுவில் பேசும் முறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் பறவை பார்க்கிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால் முதல் மாதம் கலகலவென்று இருக்கும். மூன்றாவது மாதத்தில் காலை வணக்கப் படங்களும் பதில் வராத “இது என்ன பறவை?”களும்தான் மிஞ்சும். ஆட்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. வருகிற செய்தியைப் பிடித்துக்கொண்டு மற்றவர் பேசுவதற்கு அதில் எதுவும் இருப்பதில்லை. ஒரு படம், அடியில் ஒரு கேள்விக்குறி. தெரிந்தவர் ஒற்றைச் சொல்லில் பெயரைச் சொல்வார், கேட்டவர் கைகூப்பும் எமோஜி ஒன்றைப் போடுவார், பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

பறவை பார்ப்பவர்களுக்குள் பழக்கம் வளர்வது வேறு விதமாக. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் தன் மனதில் பார்க்க வேண்டும், அதில் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும், அந்தச் சந்தேகத்துக்காகவே முதல் ஆள் மறுநாள் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு இடம் கொடுக்கும்படி எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைப் பார்ப்போம்.

கேட்கும் விதம்

இடம் (ஊர் பெயர் வரைக்கும்), நாள், நேரம், தெரிந்த ஒரு பறவையோடு ஒப்பிட்ட அளவு, அது என்ன செய்துகொண்டிருந்தது, நீங்கள் என்ன பறவை என்று நினைக்கிறீர்கள். இவை இருந்தால் படம் மங்கலாக இருந்தாலும் பதில் வரும். ஒரு மாதிரி:

“நேத்து சாயங்காலம் 5.15. மன்னார்குடி–வடுவூர் ரோடு ஓரம், சேறடிச்சு நடவுக்கு விட்டிருக்கிற வயல். தனியா ஒண்ணு. மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. முதுகு பழுப்பு, வெள்ளைப் பொரி நிறைய. கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு நல்லாத் தெரிஞ்சது. கால் மஞ்சள் கலந்த பச்சை. பொரி உள்ளான்னு நினைக்கிறேன், ஆனா கிரீன் சாண்ட்பைப்பரா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்.”

இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. “பறந்தப்ப இறக்கைக்கு அடியில கருப்பாத் தெரிஞ்சுதா, வெளுப்பாத் தெரிஞ்சுதா?” என்று ஒருவர் கேட்பார். அடிப்பக்கம் கருத்திருந்தால் கிரீன் சாண்ட்பைப்பர், வெளுத்திருந்தால் பொரி உள்ளான். பறக்கும்போது கவனிக்கவில்லை என்றால் அடுத்த தடவை எதைப் பார்க்க வேண்டும் என்பது கேட்டவருக்குக் கிடைத்துவிட்டது. பெயரைவிட அதுதான் லாபம்.

“நான் இன்னது என்று நினைக்கிறேன்” என்ற வரியைப் புதியவர்கள் எழுதத் தயங்குவார்கள், தப்பாகிவிடுமோ என்று. தப்பாக இருந்தாலும் எழுத வேண்டும். எந்த இடத்தில் குழம்பினீர்கள் என்று தெரிந்தால்தான் எதிரில் இருப்பவர் அந்த இடத்தை விளக்க முடியும்.

டெல்டாவில் “வயலில் பார்த்தேன்” என்று மட்டும் எழுதினால் போதாது. வயல் எந்த நிலையில் இருந்தது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. சேறடித்துத் தண்ணீர் மெலிதாக நிற்கும் வயலில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இறங்கும். பயிர் முழங்கால் உயரம் வந்து அடியில் ஈரம் இருக்கும்போது கோரை உள்ளான், மயில் உள்ளான் போன்ற ஒளிந்து நிற்கும் வகைகள். கதிர் முற்றினால் சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும் கூட்டமாக வரும். அறுவடை முடிந்து தாள் காய்ந்த வயலிலும் உளுந்து முளைத்த வயலிலும் நெட்டைக்காலி, வானம்பாடி, மஞ்சள் வாலாட்டி. ஆகவே நாற்றங்கால், நடவு வயல், பால் பிடித்த கதிர், அறுத்த தாள், உளுந்து என்று உள்ளபடி எழுதுங்கள். குறுவையா, சம்பாவா, தாளடியா என்ற நெல் பருவத்தையும் சேர்த்தால் இன்னும் நல்லது. இந்தச் சொற்கள் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை, ஒரு படத்தைவிட அதிகம் சொல்லும்.

பெயர் விஷயத்தில் ஒரு சின்னக் கவனம். மடையான், குருட்டுக் கொக்கு, குளத்துக் கொக்கு மூன்றும் ஒரே பறவைதான். ஊருக்கு ஊர் வழக்கு மாறும். குழுவில் யாருடைய பெயரையும் தவறு என்று சொல்ல வேண்டாம். குழப்பம் வரும் என்று தோன்றினால் பக்கத்தில் பாண்ட் ஹெரான் என்று சேர்த்துவிட்டால் போதும்.

படமும் ஒலியும்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருங்கிவிடும். அடையாளத்துக்கு வேண்டிய அலகு நுனி, கால் நிறம், கண் வளையம் எல்லாம் அதில்தான் போகும். எச்.டி. தேர்வில் அனுப்புங்கள். அதற்கு முன் பறவை படத்தில் பாதி இடம் பிடிக்கும் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டாத படத்தையும் கூடவே ஒன்று போடுங்கள், சுற்றுப்புறம் தெரிய. நிறத்தைக் கூட்டும் ஃபில்டர் எதுவும் வேண்டாம். மாலை வெயிலில் எடுத்த படத்தில் வெள்ளைப் பறவையும் மஞ்சளாகத் தெரியும், அதற்கு மேல் ஃபில்டரும் போட்டால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாது, உண்மை. ஆனால் கேமராவோ போனோ பதிவு செய்த இடக்குறிப்பும் நேரமும் அந்தக் கோப்போடு போய்விடும். சாதாரணப் படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அவற்றை நீக்கிவிடுகிறது. கூடு, ஆந்தைப் பொந்து, அபூர்வப் பறவை தங்கும் மரம் ஆகியவற்றின் படத்தை டாக்குமெண்டாகப் போட்டால் இடத்தையே கையில் கொடுத்த மாதிரி.

பைனாகுலர் மட்டும் வைத்திருப்பவர்கள் போன் கேமராவை ஒரு பக்கக் கண்வில்லையில் ஒட்டி எடுக்கலாம். கை நடுங்கினால் படத்துக்குப் பதில் பத்து வினாடி வீடியோ. வாலை ஆட்டுகிறதா, தலையை ஆட்டுகிறதா, நடக்கிறதா, தத்துகிறதா என்பதெல்லாம் வீடியோவில்தான் தெரியும். குரல் மட்டும் கேட்டால் பேசாமல் நின்று முப்பது வினாடி பதிவு செய்து போடுங்கள். மோட்டார் கொட்டகை, கதிர் அறுக்கும் இயந்திரம் இரண்டுக்கும் எதிர்ப்பக்கமாகப் போனைத் திருப்பிப் பிடித்தால் ஓரளவு தெளிவாக வரும்.

நான்கு வெள்ளைக் கொக்குகள்

எந்த டெல்டாக் குழுவிலும் அதிகமாகப் பேச்சு நடப்பது வெள்ளைக் கொக்கைப் பற்றித்தான். அதிகமாகச் சண்டை வருவதும் இதில்தான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

உண்ணிக்கொக்கு குட்டையானது. கழுத்து தடித்தது, அலகு குட்டை, மஞ்சள். கீழ்த்தாடைக்கு அடியில் இறகு முன்னே தள்ளி நிற்பதால் தாடை பருத்த மாதிரி தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு. மாட்டோடும் டிராக்டரோடும் நடப்பது பெரும்பாலும் இதுதான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. உழவு நடக்கும்போது எல்லாக் கொக்கும் டிராக்டர் பின்னால் வரும்.

சிறு வெண்கொக்குக்கு அலகு கருப்பு, கால் கருப்பு, பாதம் மஞ்சள். புத்தகத்தில் இது எளிதாகத் தெரியும், நம் வயலில் அப்படி இல்லை. பாதம் சேற்றுக்குள் இருக்கும், வெளியே எடுத்தாலும் களிமண் அப்பியிருக்கும். பறக்கும் வரை காத்திருக்க வேண்டும். கால் பின்னால் நீளும்போது மஞ்சள் பாதம் தெரியும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கமும் கோடியக்கரைப் பக்கமும் கரைக்கொக்கின் வெள்ளை வகை இதோடு குழப்பும். அதன் அலகு கொஞ்சம் தடித்து, கருப்பாக இல்லாமல் மஞ்சள்பழுப்பாக இருக்கும்.

மிச்சம் இரண்டு, நடு வெண்கொக்கும் பெரு வெண்கொக்கும். இரண்டுக்கும் அலகு மஞ்சள், கால் கருப்பு. உயரத்தை வைத்துப் பிரிக்கலாம் என்பார்கள். தனியாக நிற்கும்போது உயரம் ஏமாற்றும். பார்க்க வேண்டியது வாய்க்கோடு, அதாவது அலகு பிரியும் இடத்திலிருந்து பின்னால் போகும் கோடு. பெரு வெண்கொக்கில் அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடு வெண்கொக்கில் கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடும். இனப்பெருக்கக் காலத்தில் இந்த இரண்டின் அலகும் கருத்துவிடும். அப்போது அலகு நிறத்தை நம்பினவர் எல்லாக் கொக்கையும் சிறு வெண்கொக்கு என்று எழுதிவிடுவார்.

இது ஒரு குழுவில் எப்படிப் பேசப்பட வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. கேட்பது கல்லூரி மாணவி, பதில் சொல்வது வயதில் மூத்தவர், கடைசியில் வருவது பள்ளி ஆசிரியை.

“அலகு கருப்பு, அதனால சிறு வெண்கொக்குன்னு போட்டேன் அண்ணே. சரியா?”

“அலகைப் பாத்தது நல்லது பாப்பா. வாய்க்கோடு எங்க முடியுதுன்னு படத்தைப் பெருசாக்கிப் பாரு. கண்ணைத் தாண்டுதா?”

“தாண்டுதுண்ணே. அப்ப பெரு வெண்கொக்கா? அலகு மஞ்சளா இல்ல இருக்கணும்?”

“கூடு கட்ற காலத்துல கருத்துடும்மா. முதுகுல சல்லா மாதிரி இறகு தொங்குது பாருங்க, அதுவும் அந்தக் காலத்துலதான் வரும்.”

மூத்தவர் விடையை உடனே சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டினார். மாணவி தானே கண்டுபிடித்தாள். ஆசிரியை அவள் குழப்பத்துக்குக் காரணம் சொன்னார். ஆறு மாதம் கழித்து அதே மாணவி இன்னொரு புதியவருக்கு வாய்க்கோட்டைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

திருத்துவது

ஒருவர் தவறாகப் பெயர் சொல்லிவிட்டால் அடையாளத்தை முதலில் சொல்லுங்கள், பெயரை அப்புறம். “இல்லை, இது நீர்க்காகம் பெரிசு” என்பதற்குப் பதில் “அலகு நீளமா மெலிசா இருக்கு, கண்ணு பச்சைநீலமாத் தெரியுது, அதனால இந்தியன் கார்மரண்ட்டா இருக்கலாம்” என்று எழுதினால் படிக்கிற எல்லோருக்கும் பயன். திருத்தப்பட்டவருக்கும் முகம் வாடாது. ஒருவர் சொன்ன பிறகு இன்னும் நான்கு பேர் வந்து அதையே சொல்ல வேண்டாம். ஏற்கெனவே விளக்கியாகிவிட்டதென்றால் ஒரு கட்டைவிரல் எமோஜி போட்டுவிட்டு நகருங்கள். ஐந்து பேர் வரிசையாகத் திருத்தினால் மென்மையாகச் சொன்னாலும் அடி வாங்கியது போல்தான் இருக்கும்.

தனிச் செய்தியில் திருத்துவது மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். அடையாளக் குழப்பத்தைப் பொதுவிலேயே பேசுவதுதான் நல்லது, மற்றவர்களுக்கும் அதே குழப்பம் இருக்கும். தனியாகச் சொல்ல வேண்டியவை வேறு: கூட்டுக்கு மிக அருகே போய் எடுத்த படம், அடுத்தவர் படத்தைத் தன் படம் மாதிரி போட்டது, குழுவில் ஒருவர் மனம் புண்படும்படி எழுதியது. இவற்றைப் பொதுவில் கேட்டால் ஆள் குழுவை விட்டே போய்விடுவார்.

விடை கிடைக்காமல் போவதும் உண்டு. கோரை உள்ளானும் ஊசிவால் உள்ளானும் உட்கார்ந்திருக்கும்போது பல படங்களில் பிரிக்கவே முடியாது. பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தால் கோரை உள்ளான், அவ்வளவுதான். தெரியவில்லை என்றால் இரண்டில் ஒன்று என்று எழுதி விடலாம். பறவைப் பட்டியல்களைப் பதிவு செய்யும் ஈபேர்ட் தளத்திலும் அப்படிப் பதிவு செய்ய இடம் இருக்கிறது. “தெரியலை” என்று முதலில் சொல்லும் மூத்தவர் இருக்கிற குழுவில் புதியவர்கள் பயமில்லாமல் பேசுவார்கள்.

பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியைக் காட்டி “இதுதான்னு சொல்லுது” என்று போடுவது இப்போது அதிகம். செயலி நல்ல உதவி, ஆனால் அதற்கு இடமும் தேதியும் சரியாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நம் ஊருக்கே வராத பறவைகளைப் பட்டியலிடும். குரலில் இன்னும் கவனம் வேண்டும். கரிச்சான் வல்லூறு மாதிரி கத்தும், செயலி வல்லூறு என்றே எழுதும். மெர்லின் சொன்ன பெயரைப் போடும்போது கண்ணால் பார்த்தீர்களா, செயலி மட்டும் சொன்னதா என்று சேர்த்து எழுதுங்கள்.

சொல்லாமல் விட வேண்டியது

கூடு இருக்கும் இடம், ஆந்தையும் கூகையும் பகலில் உறங்கும் மரம், கொக்குகளும் நாரைகளும் கூட்டமாக இரவு தங்கும் ஊர்ப்புற மரங்கள், இவற்றின் இடத்தைக் குழுவில் எழுதக் கூடாது. வட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள். பறவை கிளம்பிப் போன பிறகு, சில வாரம் கழித்து, அனுபவத்தைப் பேசலாம். காரணம் இரண்டு. ஒன்று, இருபது பேர் கேமராவோடு வந்தால் தாய்ப்பறவை முட்டையை விட்டு எழும். வெயிலில் முட்டை வெந்துவிடும், காகமும் அண்டங்காக்கையும் அந்த இடைவெளிக்குத்தான் காத்திருக்கும். இரண்டு, கொக்கும் மடையானும் கறிக்காக வலை வைத்துப் பிடிக்கப்படுவது டெல்டாவில் இன்னும் நிற்கவில்லை. நூறு பேர் இருக்கும் குழுவில் எழுதிய இடம் எந்தப் போனுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்து எடுத்த படத்தைக் குழுவில் ஏற்காதீர்கள். படம் நன்றாக இருக்கிறது என்று ஒருமுறை பாராட்டிவிட்டால் அடுத்த வாரம் மூன்று பேர் அதையே செய்வார்கள்.

சாலையோரம் கொக்கு விற்பதைப் பார்த்தால் வாங்கிப் பறக்கவிடுவது இரக்கம் போலத் தோன்றும். அது விற்பவருக்கு வியாபாரம், அவ்வளவே. மறுநாள் இன்னும் நான்கு பிடிப்பார். அங்கே வாக்குவாதமும் வேண்டாம். இடம், நேரம், வண்டி எண் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். குழுவின் மேலே பின் செய்து வைக்கும் செய்தியில் உங்கள் மாவட்ட வன அலுவலகத்தின் தொலைபேசி எண் எப்போதும் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு என்று படம் வந்தால் பதற்றத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வாயில் தண்ணீர் ஊற்றச் சொல்லாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பால், ரொட்டி இரண்டும் கூடாது. காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் துணி விரித்து, நிழலில், சத்தமில்லாத இடத்தில் வைத்து வனத்துறைக்குச் சொல்லச் சொல்லுங்கள். இறகு முளைத்து நன்றாகத் தத்துகிற குஞ்சு என்றால் பெரும்பாலும் தாய் பக்கத்திலேயே இருக்கும். நாய், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு நகர்ந்தால் போதும்.

கால் வளையம் உள்ள பறவையைப் பார்த்தால் அது வேறு கதை. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, கொடி வளையம் (கொடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வண்ணப் பட்டை) என்றால் மேலிருந்து கீழே என்ன நிறம், என்ன எழுத்து என்று எழுதிப் படத்தோடு அவர்களுக்கு அனுப்ப வேண்டும். கால் தெரியாமல் தலையை மட்டும் வெட்டிப் போட்ட படம் இதற்கு உதவாது.

நேரில் சந்திப்பது

மாதத்தில் ஒரு ஞாயிறாவது நேரில் போகாத குழு நீடிப்பதில்லை. எழுத்தில் கடுகடுவென்று தெரியும் ஆள், டீக்கடையில் பேசினால் தங்கமானவராக இருப்பார். திருவாரூர் மாவட்டத்தில் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும், கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டியும், கடலோரம் கோடியக்கரையும் சந்திக்க வசதியான இடங்கள். நான்குமே உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ளவை. கோடியக்கரை 2002இலும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இலும், கரைவெட்டி 2024இலும் சேர்ந்தன. ஆனால் ஒவ்வொரு மாதமும் சரணாலயத்துக்கே போக வேண்டியதில்லை. யாராவது ஒரு உறுப்பினரின் ஊர் ஏரி, வாய்க்கால் கரை, இரண்டு கிலோமீட்டர் நடை. அந்த ஊர்க்காரர் அன்று வழிகாட்டி. கூச்சப்படுகிற உறுப்பினரைப் பேச வைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிப்பது உசிதம். எட்டுப் பேருக்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். காலையில் ஏரியின் கீழ்க்கரையில் நின்று மேற்கே பாருங்கள், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் மேல்கரை. பைனாகுலர் இல்லாதவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும்படி விடாதீர்கள், நீங்களே கழற்றிக் கொடுங்கள். ஸ்கோப் (முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி) ஒன்று இருந்தால் உயரம் குறைந்தவருக்கு ஏற்ப வைத்தால் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். வரப்பு சரிந்தால் தண்ணீர் உடைந்து போகும், அதை மறுபடி அணைப்பது விவசாயியின் ஒரு காலை வேலை. நாற்றங்காலில் கால் வைக்கக் கூடாது. வயல்காரரைக் கண்டால் படம் எடுக்குமுன் பேச்சுக் கொடுங்கள். “என்னண்ணே, நடவு முடிஞ்சுதா? நாங்க பறவை பாக்க வந்திருக்கோம், வரப்போட போயிட்டு வந்துடுறோம்” என்றால் போதும். டிரைபாட்டை வயல் நடுவே நிறுத்தினால் நிலம் அளக்க வந்தவர்கள் என்று எண்ணிவிடுவார்கள். எண்ணெய்க் குழாய்க்கு எதிராக 2017இல் கதிராமங்கலத்தில் போராட்டம் நடந்த பகுதி இது, அந்தச் சந்தேகம் நியாயமானது. ஸ்கோப்பை அவரிடமே கொடுத்து ஒரு நத்தைகுத்தி நாரையைக் காட்டுங்கள். வாய் மூடியிருக்கும்போதும் அலகுக்கு நடுவே இடைவெளி தெரிவதை அவர் பார்ப்பார். அது நத்தை தின்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். எந்த மாதம் எத்தனை வருகிறது, எங்கே தங்குகிறது என்பதையும் அவர் சொல்லிவிடுவார். அந்தப் பேச்சைக் குழுவில் எழுதும்போது அவர் ஊரை எழுதலாம், பெயரும் படமும் அனுமதி கேட்டபின்.

சேர்ந்து எண்ணுவது

ஜனவரி மாதம் எண்ணும் மாதம். 1987 முதல் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு அந்த மாதத்தில். 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு பண்டிகையை ஒட்டி நான்கு நாள். பிப்ரவரியில் உலகெங்கும் நடக்கும் கிரேட் பேக்யார்டு கணக்கெடுப்பும் நான்கு நாள்தான். வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பொங்கல் கணக்கெடுப்புக்குக் குறைந்தது பதினைந்து நிமிடம் போதும், மொட்டை மாடியில் நின்றே செய்யலாம். கரும்பு கட்டி, பொங்கல் வைத்து, உறவுக்காரர் வந்து போகிற நாளில் வேறு எப்படி முடியும்? மாட்டுப் பொங்கலன்று தோட்டத்தில் நிற்கும் பதினைந்து நிமிடத்தில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழுவாக எண்ணும்போது ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, மற்றவர்கள் தேட வேண்டும். எல்லோரும் எண்ணினால் எண்ணிக்கை எகிறும். பெரிய கூட்டமென்றால் பத்தை எண்ணி, அந்தப் பத்து பார்வையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்து, அதே அளவாகக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் நூறு நூறாக. இருவர் தனித்தனியாக எண்ணிப் பார்த்து வித்தியாசம் அதிகமென்றால் மறுபடி. ஈபேர்டில் ஒருவர் மட்டும் பட்டியலைப் பதிவு செய்து மற்றவர்களுக்குப் பகிர வேண்டும். ஆளுக்கொரு பட்டியல் போட்டால் முந்நூறு வாத்து தொள்ளாயிரம் ஆகிவிடும். எண்ணிக்கைக்குப் பதில் X போட்டுவிட்டு வருவது வேண்டாம், தோராய எண்ணாவது எழுதுங்கள். காக்கையும் மைனாவும் சிட்டுக்குருவியும் பட்டியலில் விட்டுப்போவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பார்த்தது கேட்டது அனைத்தும் இருந்தால்தான் அது முழுப் பட்டியல்.

குழுவை நடத்துகிறவர்களுக்கு

அட்மின் மூன்று பேர் இருக்கட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். குழுவில் சேரும்போதே எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கல்லூரிப் பெண்கள் ஒரு படம் போட்ட அன்றிரவே அறியாத எண்களிலிருந்து தனிச் செய்தி வருவது நடக்கிற விஷயம், அவர்கள் ஏன் என்று சொல்லாமலே வெளியேறிவிடுவார்கள். பொதுவில் கேட்டு அனுமதி வாங்காமல் யாருக்கும் தனிச் செய்தி அனுப்பக் கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். புகார் வந்தால் அன்றே நீக்குங்கள்.

மீதி விதிகள் நான்கு வரிக்குள். பறவையும் அதன் வாழிடமும் தவிர வேறு பார்வர்டு வேண்டாம். இரவு ஒன்பதுக்கு மேல் வேண்டாம். அடுத்தவர் படத்தை வெளியே போடுமுன் கேட்க வேண்டும். பறவைக் கூட்டின் படம் வேண்டாம். இவற்றைப் பின் செய்து வையுங்கள். பின் அதிகபட்சம் முப்பது நாளில் கழன்றுவிடும், மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரை “வருக” என்று விட்டுவிடாமல் “உங்க ஊர்ப் பக்கம் எந்த ஏரி? அங்க இப்ப என்ன வந்திருக்கு?” என்று கேளுங்கள். எல்லோருக்கும் பதில் சொல்லத் தெரிந்த கேள்வி அது.

ஏப்ரலில் வலசைப் பறவைகள் போனதும் குழு அடங்கிவிடும். அந்த மாதங்களுக்கென்று ஒரு வேலை வைத்துக்கொண்டால் பேச்சு நிற்காது. நமக்கு மிகவும் பொருத்தமானது தண்ணீர் வரவு. மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. கல்லணை திறந்து, ஆறும் வாய்க்காலும் நிறைந்து, கடைமடைக்கு வந்து சேர மேலும் பல நாள் ஆகும். ஒவ்வொருவரும் தங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதியை எழுதட்டும். அதற்கு முந்தின வாரம் அந்த இடத்தில் என்ன பறவைகள், தண்ணீர் வந்த அன்று என்ன, பத்தாம் நாள் என்ன என்று மூன்று சிறு பட்டியல், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம், அதே மதகில் அதே நேரத்தில். முதலில் வந்தது மடையானா சிறு வெண்கொக்கா, தவளைச் சத்தம் எப்போது தொடங்கியது, தூக்கணாங்குருவி ஆண்கள் பனையிலோ ஈச்சையிலோ நார் கட்டத் தொடங்கிய நாள் எது என்பதையும் சேர்க்கலாம். கும்பகோணத்துக்காரர் எழுதிய தேதிக்கும் வேதாரண்யத்துக்காரர் எழுதிய தேதிக்கும் உள்ள இடைவெளி ஒரே அட்டவணையில் வர வேண்டும். அதற்கு ஒரு கூகுள் ஷீட் போதும்: ஊர், வாய்க்கால், தேதி, மூன்று பட்டியலின் இணைப்பு.